ஒரு நொடி உரசல்

பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. நின்ற நிலையிலிருந்து அதனால் எதையும் இழுக்க முடியாது. நீராவி எஞ்சினுக்கு அந்தக் குறை இல்லை. கொதிகலனில் அழுத்தம் ஏறியிருந்தால் போதும், சக்கரம் அசையாமல் நிற்கும்போதே பிஸ்டனைத் தள்ளத் தொடங்கிவிடும். மின்மோட்டாரும் அப்படித்தான், சுழற்சி பூஜ்யமாக இருக்கும்போதே நல்ல முறுக்குவிசையைக் கொடுக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீராவி ரயிலுக்கும், சென்னை மெட்ரோவுக்கும் கிளட்ச் பெடல் இல்லாதது இதனால்தான்.

காரின் எஞ்சின் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தால் மட்டுமே வேலை செய்யும். ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு வீச்சுகளில் ஒன்றில்தான் எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. மற்ற மூன்றையும் ஓடுகிற ஓட்டமே இழுத்துக்கொண்டு போகிறது. மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்று ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது நொடிக்கு 20 உந்தல்கள் கிடைக்கின்றன. ஓர் உந்தலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எஞ்சினைச் சுழலவைப்பது அதன் பின்புறம் பூட்டியிருக்கும் கனமான ஃபிளைவீல். சுமை ஏறிச் சுழற்சி மிகவும் இறங்கிவிட்டால் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. வண்டி ஒரு முறை உதறிவிட்டு ஆஃப் ஆகிவிடும். அடுத்த நொடி பின்னாலிருந்து ஹாரன்.

ஆகவே கார் ஓட்டக் கற்பவர் முன்னால் இருப்பது கை, கால் ஒத்துழைப்புப் பிரச்சினை மட்டும் இல்லை, ஒரு பொறியியல் சிக்கலும்கூட. ஒருபுறம் 800 சுற்றில் ஓடும் தண்டு, மறுபுறம் அசையாமல் நிற்கும் சக்கரங்கள். இரண்டையும் எதுவும் உடையாமல், எஞ்சின் நிற்காமல் இணைக்க வேண்டும். 1891-இல் பிரான்சில் எமில் லெவாசோர் எஞ்சினை முன்னால் வைத்து, அதன் பின்னால் கிளட்ச், அதற்கும் பின்னால் கியர் பெட்டி என்று அடுக்கினார். அந்த அடுக்கு வெகுகாலம் கார்களின் பொது வடிவமாக இருந்தது. தொடக்க காலக் கிளட்சுகள் தோல் போர்த்திய கூம்புகள். மிதி விட்டதும் வெடுக்கென்று கவ்விக்கொள்ளும். அந்தக் காலத்து ஓட்டுநர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

இன்றைய கிளட்சில் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே ஒரு வட்டத் தகடு இருக்கிறது. அதுதான் கிளட்ச் பிளேட். இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும். நடுவில் அதிர்ச்சி தாங்கச் சிறு சுருள்வில்கள் இருக்கும். காலை எடுத்துவிட்டால் ஒரு வலுவான வில் சில ஆயிரம் நியூட்டன் விசையோடு பிரஷர் பிளேட்டை அழுத்தி மூன்றையும் ஒன்றாக இறுக்கிவிடுகிறது. நாம் பெடலை மிதிப்பது அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதற்காக. புதிதாகப் பழகுபவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மற்ற பெடல்களை மிதித்தால் ஏதோ நடக்கிறது; கிளட்சில் மட்டும் வேலை நடப்பது காலை எடுக்கும்போது. அதுவும் பெடலின் மொத்தப் பயணத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள். மெக்கானிக்கும் டிரைவரும் ஹாஃப் கிளட்ச் என்று சொல்லும் இடம் அது. அங்கே பிளேட் பாதி வழுக்கி, பாதி பிடித்து, உரசிக்கொண்டே சுழற்சியைக் கடத்துகிறது.

அந்த உரசல் இல்லாமல் ஏன் முடியாது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு பேர் உட்கார்ந்த சிறிய கார் சுமார் 1,150 கிலோ. முதல் கியரில் எஞ்சின் 15 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எஞ்சின் 1,000 சுற்றில் இருக்கும்போது வண்டியின் வேகம் நொடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு ஏழு கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு வண்டியைக் கொண்டுவர 2,300 ஜூல் ஆற்றல் வேண்டும். ஐடிலிங்கில் சுழலும் சிறிய எஞ்சினின் ஃபிளைவீலில் சேர்ந்திருப்பதோ 400 ஜூல் அளவில்தான். கிளட்சை வெடுக்கென்று விட்டால் இந்த 400, அந்த 2,300-ஐ ஒரே அடியில் கொடுக்கப் பார்த்துத் தோற்றுப்போகும். எரிபொருள் எரிந்து மிச்சத்தைக் கொடுப்பதற்குக் கொஞ்சம் நேரம் தேவை. ஹாஃப் கிளட்ச் அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்கிறது. வண்டி ஆஃப் ஆவது கற்பவரின் பதற்றத்தால் என்று திட்டுகிறோம். உண்மையில் அது ஆற்றல் கணக்கில் விழுந்த பற்றாக்குறை.

உரசினால் சூடேறும். எவ்வளவு? சமதரையில், எஞ்சின் சுழற்சியை ஒரே அளவில் வைத்துக்கொண்டு கிளட்சை விட்டால், வண்டி பெறும் இயக்க ஆற்றல் எவ்வளவோ அதே அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாகிறது. நம் கணக்கில் அது 2,300 ஜூல். இதில் வியப்பு என்னவென்றால், டயர் உராய்வு போன்றவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கிளட்சை ஒரு நொடியில் விட்டாலும் மூன்று நொடியில் விட்டாலும் வெப்பம் அதேதான். மெதுவாக விட்டால் கிளட்ச் தேய்ந்துவிடும் என்ற பரவலான அச்சம் சமதரையில் அவ்வளவாகப் பொருந்தாது. வெப்பத்தைத் தீர்மானிப்பது எஞ்சின் சுழற்சி. அதுவும் அதன் வர்க்கம். 1,000 சுற்றுக்குப் பதில் 3,000 சுற்றுக்கு ரேஸ் கொடுத்துக்கொண்டு வண்டியை எடுத்தால் கிளட்சில் ஒன்பது மடங்கு வெப்பம். வண்டி ஆஃப் ஆகிவிடுமோ என்ற பயத்தில் எஞ்சினை அலறவிட்டு நகர்த்துபவர்கள்தான் கிளட்ச் பிளேட்டை எரிக்கிறார்கள். அந்தக் காரமான கருகல் வாசனை, உராய்வுப் பொருளைப் பிணைத்திருக்கும் பிசின் சிதைவதால் வருவது.

மேட்டில் கணக்கு வேறு. பதினோரு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் சரிவில் இந்தக் காரைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 1,000 நியூட்டன். சிக்னலில் பிரேக் போடாமல், 1,500 சுற்றில் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்றால், எஞ்சின் தரும் ஆற்றல் முழுவதும் பிளேட்டில் வெப்பமாகிறது. கணக்கிட்டால் சுமார் 3 கிலோவாட்: குளியலறையில் இருக்கும் கெய்சர் எடுக்கிற மின்சக்தி அளவு, கையகலத் தகடு ஒன்றுக்குள். அதாவது ஒரு நொடிக்கே ஒரு முறை வண்டியை எடுப்பதைவிட அதிக வெப்பம். மேம்பாலத்து ஏற்றத்தில் ஒரு நிமிடம் இப்படி நின்று திறமையைக் காட்டுவது, வண்டிக்காரரின் பணத்தை எரிப்பது. ஹேண்ட் பிரேக் இருப்பது இதற்காகத்தான். அதை இழுத்து நிறுத்துங்கள். கிளம்பும்போது லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, பிளேட் பிடித்து வண்டியின் முன்பக்கம் சற்றே எழும்பும் வரை கிளட்சைத் தூக்குங்கள். அதன் பிறகு பிரேக்கை விடுங்கள். வண்டி ஒரு விரல் அளவுகூடப் பின்னால் போகாது.

இதுவரை வண்டியின் பக்கம் பார்த்தோம். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கழுத்துக்கு வேறொரு அளவுகோல் இருக்கிறது. விமானம் ஓடுபாதையில் கிளம்பும்போது நம்மை இருக்கையோடு அழுத்துகிறது; கழுத்து தொந்தரவு இல்லாமல் தாங்கிக்கொள்கிறது. அதைவிடக் குறைந்த முடுக்கம்தான் காரில், ஆனால் தலை முன்னும் பின்னும் ஆடுகிறது. முடுக்கம் பெரிதா சிறிதா என்பதைவிட அது எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பதைத்தான் உடல் பொருட்படுத்துகிறது. இயற்பியலில் முடுக்கத்தின் மாறுவீதத்துக்கென்று தனி அளவே உண்டு. லிஃப்ட் வடிவமைப்பவர்கள் அதை ஒரு வரம்புக்குள் வைக்கப் பாடுபடுகிறார்கள். உட்செவியில் நேர்கோட்டு முடுக்கத்தை உணர்வதற்கென்றே நுண்ணிய சுண்ணப் படிகங்கள் ஏந்திய இரண்டு பைகள் இருக்கின்றன. முடுக்கம் மெல்ல ஏறினால் கழுத்துத் தசைகள் கூடவே தயாராகிவிடும். திடீரென வந்தால் அதற்கு அவகாசம் இல்லை. ஓட்டுபவருக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அடுத்து என்ன வரப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். உங்கள் ஓட்டத்தைப் பற்றி உங்களிடமே கேட்காமல் பின்சீட்டில் இருக்கும் அத்தையிடம் கேட்டால் சரியான தீர்ப்பு கிடைக்கும்.

கிளம்பும்போது வரும் உதறல் எங்கிருந்து வருகிறது? பிளேட் வழுக்கிக்கொண்டிருக்கும்வரை வண்டியை இழுக்கும் விசை சீராக இருக்கும். இரண்டு சுழற்சிகளும் சமமாகி, வழுக்கல் நிற்கும் அந்தக் கணம்தான் ஆபத்தானது. கிளட்சை விடும்போது எஞ்சின் சுழற்சி விழுந்துகொண்டே இருந்தால், ஃபிளைவீல் தன் சேமிப்பையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். பூட்டிய மறுகணம் அந்தக் கூடுதல் உதவி நின்றுபோய், விசை சட்டென்று குறையும். தலை ஆடும். சுழற்சி விழாமல் பார்த்துக்கொண்டால் இந்தப் பள்ளம் ஆழமாக இருக்காது. “கிளட்சை மெதுவா விடு” என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது பாதிப் பாடம். முழுப் பாடம் இது: பிளேட் பிடிக்கத் தொடங்கும் இடம்வரை பெடலை வேகமாகவே கொண்டுவரலாம், அங்கே நிறுத்த வேண்டும், எஞ்சின் ஓசை தாழாமல் இருக்க வலது காலில் கொஞ்சம் கொடுக்க வேண்டும், வண்டி உருண்டு வேகம் பிடித்த பிறகே மிச்சத்தை விட வேண்டும்.

வண்டி குதித்துக் குதித்துப் போகும் காட்சியையும் பார்த்திருப்பீர்கள். எஞ்சினிலிருந்து சக்கரம் வரை உள்ள தண்டுகள் இரும்பானாலும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு விடுபடும். தாழ்ந்த கியரில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் இந்த முறுக்கம் நொடிக்குச் சில முறை அலையும். அது தானாகவே அடங்கிவிடக்கூடியது. அடங்கவிடாமல் செய்வது ஓட்டுபவரின் கால். வண்டி முன்னால் பாய, உடல் பின்னால் சரிகிறது. காலும் கூடவே வர, ஆக்சிலரேட்டர் குறைகிறது. வண்டி தயங்க, உடல் முன்னால் வருகிறது. கால் மறுபடி மிதிக்கிறது. மனிதனும் இயந்திரமும் சேர்ந்து ஒரே அலைவாகிவிடுகிறார்கள். விமானிகளுக்கும் இதே தொல்லை உண்டு. விமானவியலில் இது தனியாக ஆராயப்படும் பிரச்சினை. காரில் மருந்து எளிது. வலது குதிகால் தரையில் ஊன்றியே இருக்கட்டும், பாதத்தின் முன்பகுதி மட்டும் அசையட்டும். அப்படியும் குதித்தால் கிளட்சை மிதித்துவிடுங்கள். அலைவு அறுந்துவிடும்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் வண்டி சீராகக் கிளம்பிவிடுமா என்றால், கிளம்பாது. கண்ணால் ஒன்றைப் பார்த்துக் காலை அசைப்பதற்கு நமக்குக் கால் நொடி அளவுக்கு ஆகிறது. பிளேட் பிடித்து எஞ்சின் நிற்பதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். நடந்ததைப் பார்த்துத் திருத்துவதற்குள் வண்டி ஆஃப் ஆகியிருக்கும். எனவே மூளை முன்னதாகவே கணித்தாக வேண்டும். இத்தனை அழுத்தத்தில் இத்தனை இழுவை என்ற மாதிரியொன்றைச் சிறுமூளை தனக்குள் கட்டிக்கொள்கிறது. அதைக் கட்டும் பொருள் சொல் இல்லை, பிழை. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு முறையும் மாதிரியைக் கொஞ்சம் திருத்துகிறது.

இந்த அறிவு நினைவுகள் சேரும் வழக்கமான இடத்தில் சேர்வதில்லை என்பதை உலகம் ஒரு நோயாளி மூலம் அறிந்துகொண்டது. ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு அவருக்குப் புதிதாக எந்த நிகழ்ச்சியும் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து அதன் ஓரத்தில் கோடு வரையச் சொன்னார். நாளுக்கு நாள் பிழைகள் குறைந்தன. மூன்றாம் நாள் அவர் நன்றாகவே வரைந்தார், அதை இதற்குமுன் செய்ததே அவருக்கு ஞாபகம் இல்லாமல். கையும் காலும் கற்பவை வேறு கணக்கில் ஏறுகின்றன. பல ஆண்டுகளாக ஓட்டும் ஒருவரிடம் கிளட்சை எப்படி விடுகிறீர்கள் என்று கேட்டால் அவர் திணறுவதும், பதிலாகத் தப்பான ஒன்றைச் சொல்வதும் இதனால்தான். நன்றாக ஓட்டுபவரெல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று நம்ப வேண்டாம்.

வண்டி நகர்ந்துவிட்டால் அடுத்தது கியர் மாற்றம். இங்கேயும் அதே பிரச்சினைதான், இரண்டு சுழற்சிகள் ஒத்துப்போவது. நம் ஊர்ச் சிறிய கார்களில் முதல் கியரின் விகிதம் 3.5, இரண்டாவதற்கு 1.9, மூன்றாவதற்கு 1.3 என்ற அளவில் இருக்கும். முதல் கியரில் 2,500 சுற்றில் ஓடும் எஞ்சின், அதே வேகத்தில் இரண்டாவதற்கு மாறும்போது சுமார் 1,350 சுற்றில் இருக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் இறங்க வேண்டும். ஃபிளைவீல் கனமானது, சட்டென்று இறங்காது. அவசரமாகக் கிளட்சை விட்டால் மிச்சச் சுழற்சி வண்டியை முன்னால் தள்ளும். கியர் லீவரை நியூட்ரல் வழியே இழுக்கும்போது ஒரு கண நிதானம் போதும். சுழற்சி தானாக இறங்கி வந்து பொருந்தும். கியர்கள் ஏறஏற இந்த இடைவெளி சிறிதாகும் என்பதால், முதலிலிருந்து இரண்டாவதுதான் எல்லோருக்கும் இடறும் படி.

இறங்கும்போது தலைகீழ். மூன்றில் 2,000 சுற்று, இரண்டில் ஏறத்தாழ 2,900 ஆக வேண்டும். ஆக்சிலரேட்டர் தொடாமல் கிளட்சை விட்டால் எஞ்சினை அந்த அளவுக்கு உயர்த்தும் வேலை வண்டியின் ஓட்டத்தின் தலையில் விழும். எல்லோரும் முன்னால் சாய்வார்கள். கிளட்சை விடுவதற்குச் சற்றுமுன் ஒரு சிறு ரேஸ் கொடுத்தால், மாறியதே தெரியாது. பழைய லாரி டிரைவர்கள் டபுள் கிளட்ச் அடித்தது இதன் நீண்ட வடிவம்: நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, ரேஸ் கொடுத்துப் பல்சக்கரங்களின் வேகத்தைக் கையாலும் காதாலும் பொருத்திவிட்டு, மறுபடி மிதித்துக் கியர் போடுவார்கள். கார்களில் அந்தக் கஷ்டத்தை ஒழித்தது சின்க்ரோமெஷ். எர்ல் தாம்சன் என்பவர் கண்டுபிடித்ததை 1928-இல் கேடிலாக் தன் கார்களில் கொண்டுவந்தது. பல்சக்கரங்கள் கோப்பதற்குமுன் ஒரு சிறு கூம்பு வளையம் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. கியர் பெட்டிக்குள்ளும் ஒரு குட்டிக் கிளட்ச், அவ்வளவுதான். லீவரை அறைந்து போடாமல் லேசாக அழுத்திப் பிடித்தால் அந்த வளையத்துக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும்.

கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி கார்கள் இந்தியாவில் 2014-இல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கின. உள்ளே இருப்பது அதே கிளட்ச், அதே கியர் பெட்டி. பெடலை மிதிப்பது மட்டும் ஓர் இயந்திரக் கை. அதற்கும் முதலிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது தலையாட்டல் வந்தது என்பதில் கற்பவர்கள் ஆறுதல் அடையலாம்.

நிறுத்துவதிலும் இதே கதை. ஒரே அழுத்தத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே நின்றால், வண்டி நின்ற கணத்தில் எதிர்முடுக்கம் சட்டென்று பூஜ்யமாகும். முன்னால் சாய்ந்த உடல் பின்னால் விழும். கடைசி ஓரிரு அடியில் பிரேக்கைப் பாதியாகத் தளர்த்த வேண்டும். கிளட்சை அதற்குமுன் சற்று, எஞ்சின் ஐடிலிங்கை நெருங்கும்போது மிதித்தால் போதும்.

மலைப்பாதையில் நயமாக ஓட்டுவது சுகத்தைத் தாண்டி உயிர்ப் பிரச்சினையாகிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறக்கம் சுமார் 1,900 மீட்டர். நம் 1,150 கிலோ கார் அந்த இறக்கத்தில் இழக்க வேண்டிய ஆற்றல் 2 கோடி ஜூலுக்கு மேல், 60 கி.மீ. வேகத்திலிருந்து 130 முறை நிறுத்துவதற்குச் சமம். டயர் உராய்வும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி பிரேக்குக்கா, எஞ்சினுக்கா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். பிரேக்கிலேயே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரை வரை போகும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்கு என்ற பழைய விதி இதற்காக ஏற்பட்டது. எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் அர்த்தம் இருந்திருக்கலாம். இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. எஞ்சினைச் சக்கரங்களே சுழற்றுகின்றன. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள எரிபொருள் எரிக்க வேண்டும். நியூட்ரலில்தான் செலவு, அதோடு ஆபத்தும்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், உரிமம் கேட்பவர் இவற்றையெல்லாம் செய்துகாட்ட வேண்டும் என்றுதான் சொல்கின்றன: சீராகக் கிளம்புவது, இறக்கத்தில் தாழ்ந்த கியருக்கு மாறுவது, செங்குத்தான மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பது. பயிற்சிக் கார்களில் கற்றுக்கொடுப்பவருக்கும் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகள்தான். பாதுகாப்புக்கு அது தேவை. ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச் பெடல் இருந்தால், வண்டி ஆஃப் ஆகப்போகும் ஒவ்வொரு முறையும் அவர் கால் முந்திக்கொள்கிறது. சிறுமூளைக்குக் கிடைக்க வேண்டிய பிழை கிடைக்காமலே வகுப்புகள் முடிந்துவிடுகின்றன. உரிமம் வாங்கிய பலர் சொந்தக் காரில் முதல்முறை தனியாக உட்காரும்போதுதான் இது தெரியவருகிறது.

எனவே நீங்கள் இப்போது பழகிக்கொண்டிருப்பவராக இருந்தால் மாஸ்டரிடம் ஒன்று கேளுங்கள். போக்குவரத்து இல்லாத சமதரை மைதானம் ஒன்றுக்குப் போகச் சொல்லுங்கள். அவர் பக்கத்துக் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடச் சொல்லுங்கள். பிரேக் அவரிடமே இருக்கட்டும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் விட்டு, வண்டியை மணிக்கு நாலைந்து கிலோமீட்டரில் ஊர்ந்து போகவைத்து, மறுபடி மிதித்து நிறுத்துங்கள். ஐடிலிங் சுழற்சி குறைவு என்பதால் இதில் கிளட்ச் கிட்டத்தட்ட தேயவே தேயாது. பல முறை ஆஃப் ஆகட்டும். மாஸ்டர் அவசரப்பட்டால், பணம் கட்டியது நீங்கள் என்பதை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.